கருவிக்கு வாங்கிய தண்ணீர்

சோதனைக்கு வருகிறோம் என்று ஒரு வாரம் முன்னாடியே ஆலைக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது புது விதி. திருடனுக்குத் தேதி குறித்துக் கொடுத்துவிட்டுப் போலீஸ் கிளம்புகிற லட்சணம்தான். அந்த லட்சணத்தோடு அவள் சாய ஆலையின் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் கால் வைத்தாள், வைத்ததுமே குமட்டியது. வெறும் அழுகல் நாற்றம் என்றால் பழகிய மூக்கு தாங்கியிருக்கும். அதன் மேல் எவனோ எலுமிச்சை வாசனை ஸ்பிரேயை டப்பா டப்பாவாக அடித்து வைத்திருந்தான். தொட்டிக் கம்பியைப் பிடித்தால் காயாத பச்சைப் பெயிண்ட் உள்ளங்கையில் அப்பிக்கொண்டது.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவளுக்கு ‘மூக்கு மேடம்’ என்று பட்டப்பெயர். பாட்டில் மூடியைத் திறந்து முகர்ந்தாலே எந்த ஆலைத் தண்ணீர் என்று சொல்லிவிடுவாள். கோபமும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அப்படிப்பட்டவளை ஏன் இந்த ஆலைக்கு அனுப்பினார்கள்? சுத்திகரிப்பு நிலையத்தின் பொறுப்பாளர் அவளுடைய சொந்த அத்தான், அக்கா வீட்டுக்காரர். அத்தான் இருக்கும் இடத்துக்குக் கொழுந்தியாளைச் சோதனைக்கு அனுப்பலாமா என்று வெளியார் கேட்பார்கள். அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. அனுப்பினதே அதற்காகத்தான்.

விஷயம் இதுதான். கழிவுநீர் ஆற்றில் விழும் வாய்க்காலில் ஒரு சென்சாரை முக்கி வைத்திருப்பார்கள். தண்ணீரின் யோக்கியதை என்ன என்று அது ஓயாமல் அலுவலகத் திரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அழுக்கு அளவுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. ஒரு வருடம் முழுக்கப் பச்சையாகவே காட்டினால், அடுத்த ஐந்து வருடத்துக்கு எந்த அதிகாரியும் அந்த ஆலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இந்த ஆலைக்கு வருடம் முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது அவள் கையெழுத்து ஒன்றுதான்.

ஆற்றின் கீழ்ப்பக்கம்தான் ஆலைக் குடியிருப்பு. அக்கா வீட்டுக் குழாயில் வருவது இந்த ஆற்றுத் தண்ணீர். அக்கா மகளுக்குக் கால் முழுக்கச் சொறி. இப்போது கொஞ்சம் ஆறி வருகிறது என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள், எப்படி என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டால் அந்தக் காலுக்காக ஐந்து வருடத்துக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது. போடாவிட்டால் அத்தான் வேலை அம்பேல்.

"பாரும்மா, சென்சார் வாய்க்காலுக்குள்ளதான் இருக்கு. எல்லாம் விதிப்படி" என்றார் அத்தான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவள் கைப்பையில் இருந்த போன் அலறியது. அலுவலகத் திரை சிவப்பு என்று செய்தி. ஒரு வருடத்தில் முதல் சிவப்பு.

"நேத்து வரைக்கும் பச்சையா இருந்தது, நான் வந்து நிக்கிறப்ப ஏன் அத்தான் சிவப்பாகுது?"

அத்தானின் கண் மோட்டார் பக்கம் போய் வந்தது. அவள் சுற்றிலும் பார்த்தாள். மோட்டாருக்குப் பின்னால் தட்டுப்போட்டு மூடிய ஒரு பிளாஸ்டிக் பக்கெட், பக்கத்தில் குடிதண்ணீர் கேன்கள். தட்டை எடுத்தாள். பளிங்கு மாதிரி தண்ணீர். பக்கெட் விளிம்பில் ஒயரைக் கட்டிக் கட்டித் தேய்ந்த தடம்.

"வருஷம் பூரா சென்சார் இதுக்குள்ளயா கிடந்துச்சு?"

"நீ வர்றேன்னுதாம்மா எடுத்து வாய்க்கால்ல வெச்சோம். பாக்க ஒழுங்கா இருக்கணும்ல?"

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. வருடம் முழுக்கத் திருட்டுத்தனம் பண்ணி மாட்டாதவர்கள், ஒரே ஒரு நாள் ஒழுங்காக நடந்து மாட்டிக்கொண்டார்கள். திரை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுபடியும் போன். மேலதிகாரி.

"என்னம்மா, இங்க சிவப்பு காட்டுது?"

"உள்ளதைக் காட்டுது சார்."

"எதையாவது தொட்டீங்களா? எங்க இருந்துச்சோ அங்கயே வைக்கச் சொல்லும்மா."

"எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

 "ஊருக்கே தெரிஞ்சதுதானேம்மா. நீங்க என்ன புதுசா வந்த மாதிரி" என்றார். பல் குத்திக்கொண்டே பேசுகிற குரல்.

 வாய்க்கால் நாற்றத்தைவிட இந்த ஆளின் குரல் நாறியது. இத்தனை நாளும் இவர் நீட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, இவரோடு சேர்ந்து டீ குடித்திருக்கிறோமே என்று நினைக்க நினைக்க வாயெல்லாம் கசந்தது. போனை வைத்துவிட்டுக் காறித் துப்பினாள்.

"பாப்பா காலைப் பாத்தீங்களா அத்தான்?"

"பாக்காம இருப்பேனா? என்னை என்ன பண்ணச் சொல்ற? வேலை போச்சுன்னா நாங்க நடுத்தெருவுலதான் நிக்கணும். உங்க அக்காவுக்கு நீ சோறு போடுவியா?"

 அவள் பையிலிருந்து சீல் வைக்கிற கம்பியை எடுத்தாள். சென்சாரை வாய்க்காலுக்குள்ளேயே வைத்துக் கம்பிவேலியோடு இறுக்கிக் கட்டி, அரசாங்க ஈயச் சீலை வைத்து அழுத்தினாள். "இதை அறுத்தா ஜெயில். உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க" என்றாள். கையெழுத்துப் போடாமலே கிளம்பிவிட்டாள். வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தும் கையில் ஒட்டிய பச்சை போகவில்லை.

அதன் பிறகு அலுவலகத்தில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனால் போகிறது என்று விட்டுவிட்டாள். வரும்போதும் போகும்போதும் அந்தச் சிவப்பை நின்று ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். அதுவே போதுமாக இருந்தது.

ஒரு நாள் காலை வந்து பார்த்தால் திரை பச்சை. சீலை அறுத்துவிட்டான்கள் என்று பதறிப்போய் அழுக்கு அளவு காட்டும் எண்ணைப் பார்த்தாள். எண் அதேதான், இம்மி குறையவில்லை. நேரே மேலதிகாரி அறைக்குள் நுழைந்தாள்.

"அனுமதிக்கிற அளவை ஏத்திட்டாங்கம்மா, புது ஆணை வந்திருக்கு. பழைய அளவு நடைமுறைக்கு ஒத்துவரலையாம். அந்தக் கையெழுத்தும் வேண்டாம், நானே போட்டுட்டேன்."

"தண்ணி, சார்?"

"தண்ணி அதே தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு, மேஜை மேலிருந்த பாட்டில் தண்ணீரின் மூடியைத் திருகித் திறந்து குடித்தார். அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் வெளியே வந்தாள்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"உன் மேல கொலைவெறியில இருந்தேன்டி. இப்ப எல்லாம் சரியாயிடுச்சாமே. அத்தான் வேலையும் தப்பிச்சுது."

"ம்."

"ஒரு உதவி கேக்கணும். உங்க பக்கத்துல இருந்து கேன் தண்ணி கொஞ்சம் அனுப்ப முடியுமா? பாப்பா கால் மறுபடி புண்ணாயிடுச்சு."

"ஆறிட்டு வருதுன்னு சொன்னியே?"

"ஆலையில அந்த மிஷினுக்குன்னு தினம் கேன் வாங்குவாங்கல்ல, அதுல மிஞ்சினதை அத்தான் வீட்டுக்கு எடுத்துட்டு வருவார். அதுலதான் அவளைக் குளிப்பாட்டுவேன். நீ வந்து கட்டிட்டுப் போனதுல இருந்து வாங்குறதை நிறுத்திட்டாங்க. சரி, திரும்ப வாங்குவாங்கன்னு பாத்தா, இப்ப அந்தச் சாக்கடைத் தண்ணிக்கே மிஷின் பச்சை காட்டுதாமே. இனிமே அதுக்கு நல்ல தண்ணி எதுக்குன்னு கேக்குறாங்கடி."