சுண்ணாம்பு கேட்ட இருட்டு

அந்தக் கொட்டகை லிங்கித் தோட்டத்தில் இருந்ததா, அதற்கு அடுத்த தோட்டத்திலா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. மழை பெய்ததாகவும் ஒரு நினைப்பு. ஆனால் தோட்டத்து ஆட்கள் ஒருவரும் வெறுங்கையை நீட்டவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ரப்பர் தகடுகளைப் புகையில் காயவைத்த அந்தப் பழைய கொட்டகைக்குள் ரோகினி ஒரு கதையைக் கட்டி வைத்திருந்தாள். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக இருட்டில் நடக்க வேண்டும். இருபுறமும் தகடுகள் தொங்கும். அவற்றில் அவள் படித்துச் சேர்த்த பேய்ப்பாட்டு வரிகள். கடைசியில் மோகினியின் குரல் கேட்கும்: "கொஞ்சம் சுண்ணாம்பு தர்றீங்களா?" கையை நீட்டினால் அதன் சூட்டில் சென்சார் விழித்துக்கொள்ளும். நூறு விளக்குகள் எரிய, கூரையிலிருந்து வெள்ளைச் சேலை ஒன்று இறங்கும்.

மூன்று மணிக்குக் கோலாலம்பூர் காட்சிக்கூடத்திலிருந்து லோகேஸ்வரி வருகிறார். அவருக்குப் பிடித்தால் அங்கே இரண்டு மாதம் காட்சி. பிடிக்காவிட்டால் ஒரு வருட உழைப்பு கொட்டகையோடு சரி.

காலையில் ஒத்திகைக்கு வந்த தோட்டத்து ஆட்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் விளக்கு எரியவில்லை.

"சென்சார் செத்துப்போச்சா, உசைர்?"

லோபாக்கில் ஆட்டோ கேட் பழுதுபார்க்கும் உசைர் தன் கையை நீட்டிப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது.

"எனக்கு வேலை செய்யுது லா, அக்கா."

கடைசியாக வெளியே வந்த தனலெட்சுமியை ரோகினி நிறுத்தினாள். முன்பு இங்கே ரப்பர் மரத்தில் பால்வெட்டியவள், இப்போது சி ரூசா ஹோட்டலில் சமைக்கிறாள். கையில் மோட்டார் சைக்கிள் சாவி.

"கைய நீட்டுனீங்களா அக்கா?"

"கையையா? மோகினிக்கா? நான் என்ன கூறு கெட்டவளா? அவ கேட்டா இரும்புலதான் நீட்டணும். வெறுங்கையக் குடுத்தா புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருவா."

"அது ரெக்கார்டிங் அக்கா."

"அது அவளுக்குத் தெரியுமா?"

விசாரித்ததில் மற்ற ஆறு பேரும் கையை எட்டவே வைத்துக்கொண்டு, குடைக்கம்பி, பேனாக்கத்தி என்று எதையாவதுதான் நீட்டியிருந்தார்கள். ஒருவர் பெல்ட்டையே கழற்றியிருந்தார். ரோகினி உசைர் பக்கம் திரும்பினாள். "இரும்பக் கண்டா மட்டும் முழிக்கிற சென்சார் இருக்கா?"

"ஆட்டோ கேட்டுக்குப் போடுறதே அதான், காரோட இரும்பக் கண்டா முழிக்கும். கடையில கெடக்கு."

உசைர் லோபாக்குக்குப் பறந்து போய் வந்து, மூன்று மணிக்குள் மாற்றிவிட்டான்.

லோகேஸ்வரி உள்ளே போனார். மற்றவர்கள் வெளியே பலகைச் சுவரில் காதை வைத்து நின்றார்கள். குரல் சுண்ணாம்பு கேட்டது. பலகை இடுக்கில் நுழைந்த வெளிச்சத்தில் ரோகினி பார்த்தாள்: நீட்டிய வெறுங்கை. இருட்டு. குரல் மறுபடி கேட்டது. மறுபடி இருட்டு. அந்த நிசப்தத்தில் ரோகினிக்குத் தன் ஒரு வருடம் தரையில் கொட்டிப்போவது கேட்டது.

தனலெட்சுமிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஐயோ மேடம், கைய எடுங்க! புடிச்சிருவா! சாவிய நீட்டுங்க!"

உள்ளே ஓர் அலறல். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம். நூறு விளக்குகள்.

தலை கலைந்து வெளியே வந்த லோகேஸ்வரி, தன் மணிக்கட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எடுத்துக்குறேன். ஆனா அந்தக் கத்துனவங்களும் வரணும்."

"ஹோட்டல்ல லீவு தரமாட்டாங்க" என்றாள் தனலெட்சுமி.

"நான் பேசுறேன்."

கோலாலம்பூரில் தனலெட்சுமி இரண்டு மாதம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கத்தினாள்; பிறகு சி ரூசா சமையலறைக்கே திரும்பினாள். ரோகினி அடுத்த கதையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். உசைர் லோபாக்கில் கேட் பழுதுபார்க்கிறான். லோகேஸ்வரியின் கைப்பையில் ஓர் இரும்பு ஆணி இருக்கிறது.