ஆறாவது வில்லையில் செம்பு

சூட்டுச் சோதனைக்குப் போன ஆறு வில்லைகளில் ஐந்து நன்றாக வந்திருந்தன. ஆறாவதை மேசைமேல் வைத்துவிட்டு, சோதனைக் கூடத்திலிருந்து வந்திருந்த கலைவாணி மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விண்வெளியிலிருந்து திரும்பும் கலத்தின் வெப்பக் கவசத்துக்கான மாதிரி வில்லை அது, உள்ளங்கை அகலம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறைதான் அதற்குக் கண்ணாடிப் பூச்சு போட்டுத் தருகிறது. பூச்சைக் கலப்பது ஜமீலா. துடைப்பது, பெட்டி கட்டுவது, பெருக்குவது நான்.

"இதுல செம்பு ஒட்டியிருக்கு" என்றார் மேடம். கலம் கீழே பாய்கிற வேகத்தில் காற்றே அணு அணுவாக உடைந்துபோகுமாம். அந்த அணுக்கள் கண்ணாடிப் பூச்சில் பட்டால் பெரும்பாலும் பிரிந்தபடியே நழுவிவிடும். செம்பில் பட்டால் இரண்டிரண்டாக ஜோடி சேரும். சேரும்போது வருகிற சூட்டை அங்கேயே கொட்டிவிட்டுப் போகும். அந்த இடம் மட்டும் வெந்துவிடும்.

முதலாளி ஜெகதீசன் ஜமீலா பக்கம் திரும்பினார்.

"எந்தப் பாத்திரத்துல கலக்குன?"

"எப்பவும் போல பீங்கான்லதான் சார்."

"அப்ப செம்பு இன்னா, வானத்துலேர்ந்தா வந்துச்சு?"

வில்லையில் வெந்த தடம் வளைந்து வளைந்து போயிருந்தது. அது என் கை போன வழி. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தபோது, வானத்துக்குப் போகிற சாமானாயிற்றே என்று ஒரு வில்லைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் கறை போகவில்லை. மெஷினைத் தேய்க்கிற பித்தளை பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தேன். பளபளவென்று ஆனதில் பெருமை வேறு. பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதான் என்பது முன்பு பழைய இரும்புக் கடையில் எடை போட்ட எனக்குத் தெரியாதா? ஆனால் எனக்கு ஐம்பத்து நாலு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றே ஆறு வருடம்தான். இனி எவன் வேலை கொடுப்பான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"நாளையிலேர்ந்து வராத" என்றார் முதலாளி ஜமீலாவிடம்.

"அம்மா படுத்த படுக்கையா கீறாங்க சார்..." அழுதபடியே ஜமீலா ஏப்ரனை அவிழ்த்து மடித்தாள். உதறி, மறுபடி மடித்தாள். அவள் கேட்டைத் தாண்டிய பிறகுதான் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"சார், அது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொட்டு வச்சியா? யோவ் வேலுசாமி, அது இன்னா மாரியம்மனாயா?" முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். மேடம் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொல்லி ஜமீலாவைக் கூப்பிட ஆள் ஓடியது. "உன் கதைய நாளிக்குப் பேசிக்கலாம்" என்றார் முதலாளி என்னிடம்.

திரும்பி வந்தவள் நேராகக் குழாயடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

"பொட்டு வச்சத உடுங்க அண்ணே" என்றாள் முகத்தைக் கழுவிக்கொண்டே. "நான் அழுதுகினு இருந்தப்ப, நீங்க அந்த வில்லையவே பாத்துகினு நின்னீங்க."

குழாயை மூடாமல் உள்ளே போய்விட்டாள். தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்து என் காலடிக்கு வந்தது. நான் நகரவில்லை.