கண்ணால் காணாத கடைசி ஓவர்

கடைசி ஓவர் சீனியருக்குத்தான். எந்தச் சட்டத்திலும் எழுதாத இந்த வழக்கத்தை அந்தத் தொலைக்காட்சியில் யாரும் மீறியதில்லை. கூடியிருந்து உண்ணும் சஹன் தட்டில் கோழித்துண்டு பெரியவர் பக்கம் நகர்வதுபோல, ஆட்டம் சூடு பிடித்ததும் மைக் மூத்த வர்ணனையாளர் கொட்டாஞ்சேனைக் கிளின்ரனிடம் போய்விடும். ஜுமானாவுக்கு மிஞ்சுவது தூங்கி வழியும் நடு ஓவர்களும் குடிநீர் இடைவேளையும். ஆறு வருடமாக கிரிக்கெட் வர்ணனை செய்கிறாள். இலங்கையின் ஒரு வெற்றியைக்கூட அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு நிறையவே இருந்தது.

அன்று பகல் ஆட்டம். மெட்ச் நடந்தது கெத்தாராமை மைதானத்தில். வர்ணனையாளர்கள் இருவரும் இருந்ததோ கொள்ளுப்பிட்டி ஸ்டூடியோவில், திரையைப் பார்த்தபடி. இலங்கைக்கு இரண்டு பந்துகளில் ஐந்து ஓட்டங்கள் தேவை. கிளின்ரன் தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. மைதானத்துச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"படம் இல்லாம என்னத்தைச் சொல்றது? விளம்பரத்தைப் போடட்டும்." கிளின்ரன் மைக்கை அணைத்தார்.

"வேணாம் சேர். நான் சொல்றன்."

"பிழைச்சா இந்தக் கதிரையே உனக்கு இல்லை, தெரியுமோ?"

"தெரியும் சேர்."

ஜுமானா தெமட்டகொடைக்காரி. அந்தக் கெத்தாராமை மைதானத்து ஆரவாரம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து விழும் தெருவில் வளர்ந்தவள். டிக்கெட் கிடைக்காத நாட்களில் காதாலேயே மெட்ச் பார்த்தவள். அவளுக்கா தெரியாது?

"நேயர்களே, படம் நின்றுவிட்டது. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. காதில் கேட்பதைச் சொல்கிறேன்," என்றாள், மைக்கை மறுபடி போட்டு.

மட்டையில் பந்து பட்டது. சின்னதாக ஒரு கூச்சல், உடனே அடங்கியது. "ஒரு ஓட்டம்தான். இனி ஒரே பந்து, நான்கு வேண்டும்."

பயமாகத்தான் இருந்தது. மறுபடியும் மட்டைச் சத்தம். கேட்ச் என்றால் கூச்சல் நடுவில் அறுந்துவிடும். இது அறவில்லை. ஏறியது, இன்னும் ஏறியது, ரசிகர்களின் பப்பரே வாத்தியம் அலறத் தொடங்கியது.

"நான்கு! இலங்கை வென்றுவிட்டது!"

தப்பாக இருந்தால் அவள் கதை அன்றோடு முடிந்தது. பிறகு திரை அசைந்தது. இலங்கை வீரர்கள் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஜுமானா மேசையில் ஓங்கித் தட்டி, வாய்விட்டுச் சிரித்தாள். கிளின்ரன் எழுந்து வந்து கை கொடுத்தார்.

"இனிக் கடைசி ஓவர் உனக்குத்தான். தண்ணி குடிக்கிறதை நான் பாத்துக்கொள்றன்," என்றார். அவர் குரலில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, இருக்கட்டுமே!

வெளியே வந்ததும் உம்மா போனில் வந்தாள்.

"புள்ள, கிரவுண்ட் சத்தம் எங்களுக்கு டீவிக்கு முந்தியே கேட்டுட்டு. தெருவெல்லாம் பட்டாசு வெடிக்கிது. வாப்பா மட்டும் தீப்பெட்டியக் கையில வெச்சிட்டு, 'எண்ட மகள் சொல்லாம மெட்ச் முடியல்ல' எண்டு நிண்டாரு."