ஓட்ஸ் டப்பாவில் ஸ்கூட்டர் சாவி

அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் மறந்தது ஒரே ஒரு தடவை. அதற்கே என் தங்கை ஊரைக் கூட்டிவிட்டாள். ரிட்டயரான நர்ஸ் அவள். வேலையிலிருந்துதான் ரிட்டயர், அதிகாரத்திலிருந்து இல்லை.

"உனக்கு மறதி வருதுண்ணே. இனிமே நான் போடறதத்தான் சாப்பிடணும். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வண்டியத் தொடக்கூடாது."

காலமெல்லாம் பஸ் ஓட்டியவன் நான். என் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி, என் கண்ணெதிரேயே ஓட்ஸ் டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"இந்த டப்பா பக்கம் நீ எட்டிக்கூடப் பாக்க மாட்டே!" சிரிப்பு வேறு.

உண்மைதான். சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசையை மனுஷன் தின்பானா? மற்றபடி கீரை, மீன், ஊறவைத்த வால்நட் என்று போட்டதையெல்லாம் சாவிக்காக விழுங்கினேன். எதிரே உட்கார்ந்து அவள் டீயில் பன்னைத் தோய்த்துச் சாப்பிடுவாள். வயிறு எரியாதா?

"ஏம்மா, உன் மூளைய மட்டும் இரும்புலயா செஞ்சிருக்கு?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். பேசாம சாப்பிடு."

நேற்று டாக்டர் என்னைக் கடிகாரம் வரையச் சொன்னார். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். ஒன்றைக்கூட விடவில்லை. "தாராளமா வண்டி ஓட்டுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினேன். "எடும்மா சாவிய."

அலமாரியைத் திறந்தாள். தலையணை உறையை உதறினாள். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். சமையலறைக்குப் போய் மருந்துப் பெட்டியையே கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இங்கதானேண்ணே வெச்சேன்..."

ஓட்ஸ் டப்பா அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாய் வரை வந்த கிண்டலை விழுங்கினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் டப்பாவுக்குள் கையைவிட்டுச் சாவியை எடுத்து, ஒட்டியிருந்த ஓட்ஸைச் சட்டையில் துடைத்தேன்.

"அட, என் பையிலயே இருக்கு! நான்தான் எடுத்து வெச்சுட்டு மறந்துட்டேன்."

அவள் முகத்தில் உயிர் வந்தது. கூடவே அதிகாரமும்.

"பாத்தியா! டாக்டர ஏமாத்தலாம், என்ன ஏமாத்த முடியுமா? குடு இங்க. இன்னும் ஒரு மாசம் வண்டி கிடையாது."

கொடுத்தேன். அழுகை வந்தது, சாவிக்காக இல்லை.

"சரிம்மா. ஆனா தனியாத் தின்னா எனக்கு எறங்கல. நீயும் அதையேதான் சாப்பிடணும். அடுத்த தடவ டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் காட்டிக்குவோம்."

"எல்லாம் என் தலையெழுத்து, உன்கூடச் சேந்து நானும் திங்கணும்," என்று முறைத்தாள். சாவியை எங்கே வைக்கிறாள் என்று நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

இன்று காலை இரண்டு கிண்ணத்தில் ஓட்ஸ். முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தாள்.

"என்னண்ணே இது, பசையாட்டம் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. பேசாம சாப்பிடு," என்று நானும் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.