மெதுவாகப் போகிற மாப்பிள்ளை

பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குச் சம்மதம் என்று தகவல் வந்ததும், எல்லப்பன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கக் கிளம்பினான். அப்பா இல்லாத வீட்டில் அது அண்ணனின் வேலை. மாப்பிள்ளை வேலை செய்கிற கம்பெனிக்குள் போய் விசாரித்தால் எல்லோரும் நல்லதாகத்தான் சொல்வார்கள், வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில்தான் உள்ளது உள்ளபடி வரும் என்பது அவன் கட்சி. குன்றத்தூரில் மளிகைக் கடை வைத்திருப்பவன். டீக்கடைப் பேச்சின் மதிப்பு அவனுக்குத் தெரியும்.

அவன் தங்கை ஏலவார்குழலிக்கு அன்று வேலைக்குப் போயும் மனம் வேலையில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பல்பு செய்யும் தொழிற்சாலையில் அவள் பெல்ட்டின் ஓரம் நிற்கிறவள். வந்துகொண்டே இருக்கும் பல்புகளுக்கு மூடி பொருத்தி அனுப்ப வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தபோது மாப்பிள்ளை ரங்கநாதன் மட்டும் அவள் பாதங்களைப் பார்த்தான். "நின்னுகினேதான் வேலையா?" என்று கேட்டான். ஆமாம் என்றதும், "சாயங்காலம் கால் வீங்குமே" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எல்லப்பன் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"இன்னாடா ஆச்சு? குடிக்கிறாரா?" என்றாள் அம்மா ரத்னா.

"சே சே. குடி இல்ல, சிகரெட்டு இல்ல, சீட்டு இல்ல. தங்கமான ஆளுன்றாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்டி வச்சிகினு கீறே?"

"வண்டிதாம்மா."

ரங்கநாதனிடம் இருந்தது இரட்டை சைலன்சர் வைத்த முந்நூற்றைம்பது சிசி ராஜ்தூத். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அந்த வட்டாரத்தில் அப்படி வண்டி வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்கள் யாரும் மெதுவாகப் போய் ஊர் பார்த்ததில்லை. தூரத்தில் சத்தம் கேட்டதுமே கோழிகளைக் கூடப் பெண்கள் ஓரத்துக்கு விரட்டிவிடுவார்கள்.

"பேரச் சொன்னதுமே, 'யாரு, மாட்டுவண்டி ரங்கனா?'ன்னு கேக்கறான் ஒருத்தன். சைக்கிள்காரன்லாம் அவர ஓவர்டேக் பண்ணிகினு போறானாம். டாக்டர் யாராச்சும் வேகமா போவக் கூடாதுன்னு சொல்லிகீறாரோ இன்னாவோன்னு இன்னொருத்தன். ஒடனே பக்கத்துல இருந்த பெரிசு, 'அப்டிதாம்பா இருக்கும், எங்க மாமனுக்கு வலிப்பு வந்த பெறவு அவுரு சைக்கிளே தொட்றதில்ல'ன்றாரு."

"வலிப்பா!" ரத்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவருக்குன்னு யாரும் சொல்லலம்மா. இருந்தாலும் இருக்கும்ன்றாங்க."

"பெட்ரோல் விலைதான் கன்னாபின்னான்னு ஏறிடுச்சே, சிக்கனமா போறாரோ இன்னாவோ" என்றாள் குழலி.

"சிக்கனக்காரன் எதுக்குடி பெட்ரோலக் குடிக்கிற வண்டிய வாங்கணும்?"

இரவுச் சாப்பாடு முடிவதற்குள் 'இருந்தாலும் இருக்கும்' என்பது 'இருக்கிறது' ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நேராகக் கேட்கவும் வழியில்லை. குடி உண்டா என்று கேட்கலாம், கடன் உண்டா என்று கூடக் கேட்கலாம். நோய் உண்டா என்று கேட்டுவிட்டால், இல்லை என்றாலும் அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

"ஞாயித்துக்கிழம நாள் குறிக்க மலைக்கோயிலுக்கு வராங்க இல்ல?" என்றான் எல்லப்பன். "அங்க வச்சி நைசா வண்டிய வேகமா ஓட்டிக் காட்டச் சொல்றேன். ஓட்டினா சரி. மழுப்பினா, ஆவணிக்கு மேல பாக்கலாம்னு சொல்லிட்டு வந்துடலாம்."

ஆவணிக்கு மேல் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று குழலிக்குத் தெரியும். எதிர்வீட்டு இசைவாணிக்கு அப்படித்தான் ஒரு வரன் தள்ளித் தள்ளியே காணாமல் போனது.

ஞாயிறு காலை மாப்பிள்ளையும் அவன் தாய் ராஜம்மாவும் அந்த வண்டியிலேயே வந்து அடிவாரத்தில் இறங்கினார்கள். ராஜம்மா கலகலப்பான மனுஷி. "வண்டிதான் பெருசு சம்மந்தி. பின்னால குந்தினா ஒரு குட்டித் தூக்கமே போட்டுடலாம்" என்று ரத்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரத்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லப்பன் வண்டியைச் சுற்றி வந்தான். "சூப்பரா வச்சிகினு கீறீங்க மாப்ள. எவ்ளோ போவும்?"

"எவ்ளோ முறுக்கினாலும் போவும். ஓட்டிப் பாக்கறீங்களா?" ரங்கநாதன் சாவியை நீட்டினான்.

எல்லப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆசை யாரை விட்டது? டிவிஎஸ் 50க்கு மேல் எதையும் சொந்தமாக ஓட்டியிராதவன் ஏறி உட்கார்ந்து போனான். திரும்பி வந்தபோது தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது, கண்ணில் தண்ணீர். "யப்பா! கையோட பிச்சிகினு போவுது! சரி, இப்ப நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. நம்ம மாப்ள ஓட்டறத நாங்க பாக்க வேணாமா?"

"எனக்கு வேணாம் மச்சான்."

"சும்மா ஒரே ஒரு தபா. ஃபுல்லா முறுக்கி."

"வேணாமே."

"ஏன்?" எல்லப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒடம்புக்கு ஏதாச்சும்…"

சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் ராஜம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஒடம்புக்கு இன்னா? இன்னா கேக்கறாரு இவுரு? எம்புள்ளைக்கு இன்னா கொறன்னு கேள்விப்பட்டீங்க?"

ரத்னா அவசரமாக, "அது ஒன்னுமில்லீங்க, நாள வேணா ஆவணிக்கு மேல…" என்று ஆரம்பித்தாள்.

தன் கல்யாணம் கண்ணெதிரே கலைந்துகொண்டிருந்ததைக் குழலி பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிப் போய்விடுவார்கள். அப்புறம் எப்போதும் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. முன்னால் வந்து நின்றாள். ரங்கநாதனை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்கு வலிப்பு இருக்குன்னு யாரோ சொல்லிட்டாங்க. இருக்கா?"

ரத்னா "ஐயோ!" என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ரங்கநாதன் குழலியையே பார்த்தான். பிறகு, "இல்லைங்க" என்றான், சாதாரணமாக.

"எனக்கு அது போதும்."

"சொன்னா போதுமா?" என்றான் எல்லப்பன். "இருக்கறவன் இருக்குன்னு சொல்லுவானா?"

"பாத்தீங்களா, எம்புள்ள பொய் சொல்றான்றாரு!" ராஜம்மா பையை எடுத்துக்கொண்டாள். "கெளம்புடா. இந்தச் சம்மந்தமே வேணாம்."

"அத்த, கொஞ்சம் இருங்க." முதன்முறையாக அப்படிக் கூப்பிட்டாள் குழலி. "நான் இவுரு பின்னால குந்திகினு ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வரேன். அப்புறம் எல்லாரும் எப்டி சொல்றீங்களோ அப்டி."

"கல்யாணத்துக்கு முன்னாலயா? பைத்தியமாடி உனக்கு?" என்றாள் ரத்னா.

"வழியில வலிப்பு வந்தா?" என்றான் எல்லப்பன்.

"வந்தா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்ண்ணா."

ராஜம்மா பையைக் கீழே வைத்தாள். ஊரெல்லாம் நோயாளி என்று சொல்லும் பிள்ளையின் பின்னால் ஏறி உட்காருகிறேன் என்று ஒரு பெண் சொல்கிறாள். அந்த அவமானத்துக்கு இதைவிட நல்ல பதில் அவளுக்கே தோன்றியிருக்காது. "போயிட்டு வா கண்ணு" என்றாள். "நானும் உங்கம்மாவும் இங்கியே குந்திகினு கீறோம்."

"நானும் பின்னாலயே வருவேன்" என்று எல்லப்பன் தன் டிவிஎஸ் 50ஐ உதைத்தான்.

கம்பெனியில் கல்யாணமாகாதவர்கள் எல்லோரும் அழகுக்காகப் பின்சக்கரத்துப் புடவைக் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். இவன் வண்டியில் அது இருந்தது. அவள் ஒருபக்கமாக உட்கார்ந்ததும், "முந்தானைய இழுத்துச் சொருகிக்குங்க" என்றான். அவள் சொருகிக்கொள்ளும்வரை கிளப்பவில்லை.

வண்டி நிதானமாக ஊரைக் கடந்தது. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் சாலையில் நிறைய இடத்தில் வண்டிகளைப் போலீஸ் நிறுத்திச் சோதனை போட்டது. முதல் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் ரங்கநாதனைப் பார்த்ததும், போ என்று கையைக் காட்டிவிட்டார். பின்னால் எல்லப்பனின் சின்ன வண்டி வேகத்தைக் குறைக்க முடியாமல் முக்கியது, முனகியது. கடைசியில் அவனே தாங்க மாட்டாமல் இவர்களை முந்திக்கொண்டு, "ஏரிக்கரையாண்ட நிக்கிறேன்! என்னிக்காச்சும் வந்து சேருங்க!" என்று கத்திவிட்டுப் போனான். குழலிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் அப்டி கேட்டதுல கோவமா?"

இந்த வேகத்தில் பேசுவது நன்றாகக் காதில் விழுந்தது. கத்த வேண்டியிருக்கவில்லை.

"கோவம் இன்னாத்துக்கு? எல்லாரும் சிரிக்கிறாங்களே கண்டி, ஏன்டான்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன். ஏன்?"

எதிரே வந்த ஆட்டு மந்தை கடக்கட்டும் என்று நிறுத்தி, மறுபடி கிளப்பிய பிறகுதான் சொன்னான்.

"எனக்கு ஃபோர்ஜிங்ல வேல. பெரிய சுத்தியல் மிஷினு. அது மேல போறதுக்குள்ள பழுத்த இரும்ப உள்ள வச்சிடணும், எறங்கறதுக்குள்ள கைய எடுத்துடணும். வை, எடு, வை, எடு. அதோட வேகம் நம்ம கையில இல்ல. டார்கெட் ஏறினா அது ஏறும், நாமளும் ஏறணும். இந்த வண்டி வாங்கின புதுசுல நானும் பறந்துகினுதான் இருந்தேன். ஒரு நாள் ஷிப்ட் முடிஞ்சி வூட்டாண்ட வந்து நின்னேன். வந்த வழி ஒன்னுமே நெனப்பில்ல. எந்த லாரிய முந்தினேன், யாரு குறுக்க வந்தாங்க, ஒன்னும் தெரியல. கை மட்டும் அப்டியே முறுக்கிகினு கீது. வண்டிய ஓட்டினது நான் இல்ல, அந்த மிஷினுன்னு தோணுச்சு. பயந்துட்டேன்."

குழலி தன் விரல்களைப் பார்த்தாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து காபி டம்ளரைப் பிடித்தால், அவள் கட்டைவிரல் தானாக மூடி திருகும். அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"மாசக் கடைசியில எங்க பெல்ட்டையும் ஏத்திடுவாங்க" என்றாள்.

"யாரு ஏத்தறது?"

"சூப்பர்வைசரம்மா. சின்னத் திருகு ஒன்னு கீது. பேசிகினே வந்து, தெரியாத மாதிரி திருப்பிட்டுப் போவாங்க. எங்க கைக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியும், தெரியும்" என்று அவன் சிரித்தான். அதற்கு மேல் இருவருக்கும் விளக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

சிறிது தூரம் போன பிறகு அவள், "அப்டினா சின்ன வண்டியே வாங்கி இருக்கலாமே?" என்றாள்.

"அது மெதுவா போனா, அதால முடிஞ்சது அவ்ளோதான். இதுல நான் வேணாம்னு சொல்றேன்." கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டான். "மெதுவா போனா பிளக்குல கரி புடிச்சிக்கும். அடிக்கடி கழட்டித் தொடைக்கணும். மெக்கானிக் திட்டுவாரு, இந்த வண்டிய உனக்கு யாரு குடுத்ததுன்னு."

ஏரியின் கரை கண்ணுக்குத் தெரிந்தது. கரையோரம் எல்லப்பன் வண்டியை நிறுத்திவிட்டு இவர்கள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. இவர்களை முந்த வலப்பக்கம் ஏறியது. எதிரே லாரி. டிரைவர் சட்டென்று இடப்பக்கம் ஒடித்தான். பிரேக் கிறீச்சிட்டது, பஸ் நிற்கவில்லை. ஓரத்தில் ஒதுங்கலாம் என்றால் சாலை போடக் கொட்டிய ஜல்லி.

"புடிச்சிக்குங்க" என்றான் ரங்கநாதன்.

வண்டியின் குரலே மாறியது. முதுகில் யாரோ தள்ளியது போல் இருந்தது. குழலி அவன் தோளைப் பற்றிக் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஜல்லிக் குவியல்கள் பின்னால் போயிருந்தன. பஸ் வெகு தூரத்தில் புழுதிக்குள் குறுக்காக நின்றிருந்தது. கிளீனர் இறங்கி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தான். ரங்கநாதன் திரும்பிப் பார்த்து யாருக்கும் அடிபடவில்லை என்று உறுதி செய்துகொண்டான். வண்டி பழைய நடைக்கு வந்தது.

"பயந்துட்டீங்களா?"

"இல்ல" என்றாள். தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

எல்லப்பன் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "இன்னா மாப்ள அது! அப்டி ஒரு இழு இழுத்தீங்க!"

"தேவப்பட்டுச்சு மச்சான்."

"இப்டி ஓட்டத் தெரிஞ்சுமா மாட்டுவண்டி பேர வாங்கிகினு கீறீங்க? தெனம் இப்டி போனா இன்னா?"

"தெனம் தேவப்படலியே."

எல்லப்பன் தங்கையைத் தனியாக அழைத்துப் போனான். ஏரித் தண்ணீர் ஆனி வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. "அந்தப் பேச்ச எடுத்தது என் தப்புதான்" என்றான் மெல்ல. "ஆனா ஏன் மெதுவா போறாருன்னு எனக்கு இன்னும் பிரியல. உனக்கு இன்னாமா தோணுது? நீ சொல்லு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

"எனக்குப் பிரிஞ்சிடுச்சுண்ணா. ஆவணிக்கு மேலன்னு வேணாம். ஆவணியிலயே குறிக்கச் சொல்லு."

எல்லப்பன் அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டு டிவிஎஸ் 50ஐ உதைத்தான். "ரெண்டு கெழவிங்களும் இந்நேரம் சண்ட போட்டுகினு இருப்பாங்க. நான் முன்னால போயி சொல்லிடறேன். நீங்க வந்து சேர்றதுக்குள்ள பத்திரிகையே அடிச்சிடலாம்!"

அவன் போன புழுதி அடங்கியது. ரங்கநாதன் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். குழலி ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"எல்லாரும் காத்துகினு இருப்பாங்க" என்றான் அவன். "கொஞ்சம் சீக்கிரம் போவணுமா?"

"அதான் அண்ணன் போயிடுச்சே" என்றாள் குழலி. "நாம எப்பவும் போறாப்பலயே போலாம்."