அழிக்க வேண்டிய கைகள்

குழந்தையின் முதல் சிரிப்புக்கு அந்த ஸ்டூடியோவில் விலை பதினெட்டாயிரம். கொட்டாவி, தும்மல், முகச்சுளிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். பன்னிரண்டு நாள் பிள்ளை சிரிப்பது சந்தோஷத்தில் அல்ல, தூக்கத்தில் உதடு தானாக இழுத்துக்கொள்வதால்தான் என்பது படம் பிடிப்பவளுக்குத் தெரியும். அதை விலைப்பட்டியலில் எழுதிவைக்க அவளுக்கென்ன பைத்தியமா?

"சிரிக்கவே இல்லைன்னா?" என்று கேட்டாள் குழந்தையின் அத்தை.

"சிரிக்கும் மேடம்."

"சிரிக்கலைன்னா எவ்வளவு குறைப்பீங்க?"

அத்தைக்குச் சொந்தமாக ஜவுளிக்கடை. இருபது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்து பழகிய உடம்பு. எங்கே நின்றாலும் தனக்கும் எதிராளிக்கும் நடுவில் ஒரு மேசை இருப்பதுபோலவே நிற்பாள். குழந்தையைச் சுற்ற எடுத்துவைத்திருந்த துணியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்து, "சுத்தப் பருத்தின்னு சொல்லியிருப்பாங்களே? கலப்படம்" என்றாள். அப்படியே பதினெட்டைப் பதினாறாக்கினாள். படம் பிடிப்பவளுக்கு அந்த இரண்டாயிரம் தொண்டையில் முள்ளாக நின்றது.

உள்ளறைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் குரலை உயர்த்தக்கூடாது. துணியில்லாமல் கிடக்கிற பிள்ளைக்குக் குளிரக்கூடாது என்று ஹீட்டர் ஓடும். மூலையில் ஒரு சின்ன இயந்திரம் மழை பெய்கிற மாதிரி விடாமல் இரைந்துகொண்டிருக்கும்; அந்த இரைச்சலில்தான் பிள்ளைகள் தூங்கும். பெரியவர்கள் வியர்த்து வடிய வேண்டியதுதான். அன்றைக்கு உள்ளே நால்வர். படம் பிடிப்பவள், அத்தை, தாய், சுவரோரம் முக்காலியில் தகப்பன். இந்த வெக்கையில், இந்தக் கிசுகிசுப்பில், மூன்று மணி நேரம்.

"இவ இன்னும் அஞ்சு வாரத்துல கிளம்பிடுவா" என்று அத்தை படம் பிடிப்பவளின் காதருகே வந்து சொன்னாள், தாய் இரண்டடி தள்ளி நிற்கும்போதே. "வெளிநாட்டுல லேப் வேலை. ரெண்டு வருஷம். என் தம்பி ஒரு செல்போன் கடை வச்சு மூடுனான் பாருங்க, அந்த ஓட்டையை யாராவது அடைக்கணுமில்ல? பிள்ளை எங்கிட்டதான் வளரும். ஹால்ல படம் போடப் பத்துச் சட்டம் மாட்டி வச்சிட்டேன். மொத்த விலைக்குக் கிடைச்சது. பத்துப் படம் எண்ணி வாங்கிட்டுத்தான் போவேன்."

தாய், அறுவைத் தையல் இன்னும் ஆறாதவள் நிற்கிற மாதிரி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. ரவிக்கையின் முன்பக்கம் பால் ஈரம். சட்டம் மாட்டின கதையைக் கேட்டபோது மட்டும் கணவனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான்.

வேலை தொடங்கியது. குழந்தை குப்புறப் படுத்து, இரண்டு கைகளில் கன்னத்தைத் தாங்கி, உலகத்தை எடைபோடுவதுபோல ஒரு படம் எல்லாரும் கேட்பார்கள். பன்னிரண்டு நாள் பிள்ளைக்குத் தலை நிற்காது. அதனால் தலையை மேலிருந்து பிடித்துக்கொண்டு ஒன்று, மணிக்கட்டைக் கீழிருந்து பிடித்துக்கொண்டு ஒன்று என்று இரண்டு தடவை எடுத்து, பிறகு கணினியில் ஒட்டி, பிடித்த கையை அழித்துவிட வேண்டும். பிடிப்பது எப்போதும் தாய்தான். வேறு யார் தொட்டாலும் பிள்ளை சிணுங்கும்.

"கையை அப்படியே வைங்க. மூச்சுகூட மெதுவா விடுங்க."

"என் கை படத்துல விழுதே?"

"அழிச்சிடுவேன்."

"எல்லாத்துலயுமா?"

"அதானே வேலை. தானா தலையைத் தூக்கிட்டிருக்கிற மாதிரி தெரியணும்."

தாய் தன் கைகளைப் பார்த்தாள். ஊசி குத்திய இடம் இன்னும் பச்சையாக இருந்தது. கூடையில், மரத்தொட்டியில், கம்பளத்தில் என்று ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கைகள் போய்ப் பிடித்தன. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்ட படத்திலும், கழுத்து சாயாமலிருக்க நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. அதற்காகத் தாய் தரையில் குந்தியிருந்தாள், பல்லைக் கடித்துத் தையல் வலியைப் பொறுத்துக்கொண்டு. அத்தை கேமராவைப் பார்த்து மலர்ந்தாள்.

எட்டாவது படம் முடிந்ததும் தாய் கிசுகிசுத்தாள். "அண்ணி, ஒண்ணே ஒண்ணு. நானும் பிள்ளையும்."

"இந்த மூஞ்சியோடயா? கண்ணாடியில பார்த்தியா உன்னை? போயிட்டு வா, நல்லா எடுத்துக்கலாம்."

"ரெண்டு வருஷம் கழிச்சா? அப்ப இவன் என்னை யாருன்னு கேப்பான்."

"கேட்டா சொல்றோம். நாங்க என்ன ஊமையா?"

"நீங்க சொல்ல வேண்டாம். சுவத்துல இருந்தா அவனே பார்த்துக்குவான்."

"சுவரு என்னோடது."

"பிள்ளை?"

அத்தை குனிந்து, இன்னும் மெல்லிய குரலில், ஒரு குழந்தையைத் தாலாட்டுகிற இதத்தோடு சொன்னாள்: "வயித்துல சுமந்தது ஒம்பது மாசம். உன் குடும்பத்தை நான் சுமக்கிறது நாலு வருஷம். கணக்கு தெரியாத மாதிரி பேசாதே."

தாய் முக்காலியின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்களேன்."

தகப்பன் ஆளுக்கொரு பார்வை பார்த்தான். "மெதுவா பேசுங்க, எழுந்துடப் போறான்" என்றான். அதுதான் அன்று அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு. படம் பிடிப்பவள் இந்தத் தொழிலில் நிறையத் தகப்பன்களைப் பார்த்திருக்கிறாள். பாதிப் பேரைவிட அந்த முக்காலிக்கு உபயோகம் அதிகம் என்பது அவள் முடிவு.

ஒன்பதாவது, தகப்பன் கையில். பத்தாவது, கை மட்டும். பிள்ளையின் மூடிய கைக்குள் தாயின் சுண்டு விரல். கிட்ட வைத்து எடுத்தாள். திரையில் வந்து விழுந்ததும் மூவருமே எட்டிப் பார்த்தார்கள். தாய்க்கு முதல் தடவையாக முகம் இளகியது. இந்த விரலை அழித்தால் படமே இல்லை. அது அவளுக்கும் புரிந்துவிட்டது.

அத்தைக்கும் புரிந்துவிட்டது. "இது எடுப்பா இருக்கு. என் விரலை வச்சு எடுங்க."

பிறந்த பிள்ளையின் உள்ளங்கையில் எதை வைத்தாலும் மூடிக்கொள்ளும். விரலானாலும் சரி, பேனா மூடியானாலும் சரி. அது பாசமில்லை, நரம்பு. படம் பிடிப்பவள் அதைச் சொல்லியிருக்கலாம். 'வேற யார் விரலையும் பிடிக்காது மேடம்' என்று ஒரு பொய்யும் சொல்லியிருக்கலாம். பதினாறாயிரம் கொடுக்கிறவளிடம் எதைச் சொல்லி என்ன? பிள்ளையின் புறங்கையை மெல்ல வருடினாள். விரல்கள் மலர்ந்து தாயை விட்டன. மோதிரம் போட்ட விரல் ஒன்று உள்ளே போனது. குழந்தை அதே இறுக்கத்தோடு பிடித்துக்கொண்டது. ஒரு இமைகூட அசையவில்லை.

"பார்த்தியா" என்றாள் அத்தை. அதில் கேலிகூட இல்லை, உண்மையாகவே பூரித்துப்போயிருந்தாள். தாய், கூண்டிலேறிப் பொய்ச்சாட்சி சொன்னவனைப் பார்ப்பதுபோலத் தன் பிள்ளையைப் பார்த்தாள்.

படம் அருமையாக வந்தது. படம் பிடிப்பவளுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

முன்னறைக்கு வந்தால் சத்தமாகப் பேசலாம். அத்தை முழுக் குரலையும் திரும்ப எடுத்துக்கொண்டு, கைப்பையைத் திறந்து பாதி திறந்தபடி நிறுத்தினாள்.

"பதினாறுல ஒரு ஆயிரத்து ஐந்நூறு கழிச்சுக்கங்க."

"எதுக்கு மேடம்?"

"எங்க வீட்டுப் பொண்ணு மூணு மணி நேரம் உங்களுக்கு எடுபிடி வேலை பார்த்திருக்கா. பச்சை உடம்பு. நீங்க ஒரு ஆளை வச்சிருந்தா கூலி குடுக்க மாட்டீங்களா? நாங்க என்ன இளிச்சவாயா?"

படம் பிடிப்பவள் இதுவரை எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறாள். போட்டோவில் பிள்ளை கண்ணை மூடியிருந்ததால் பாதிக் காசு தருகிறேன் என்றவன் உண்டு. ஆனால் அழித்துவிடப் போகிற கைக்கே கூலி கேட்டு அதைத் தன் பையில் போட்டுக்கொள்கிற சாமர்த்தியத்தை இன்றுதான் பார்க்கிறாள். மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். பிறகு மேசையறையை இழுத்தாள்.

"நியாயம்தான் மேடம். வேலைன்னா கூலி உண்டு. நீங்க பதினாறும் குடுங்க."

"கழிக்கச் சொன்னேன்."

"கூலியைக் கழிக்கிற பழக்கம் உங்க கடையில உண்டா? வேலை செஞ்சவங்க கையிலதான குடுப்பீங்க?"

அத்தை பாதியில் நிறுத்திய பையை முழுக்கத் திறந்தாள். இருபது வருட வியாபாரத்தில் முதல் தடவையாக, கழிக்கச் சொன்ன காசைக் கழிக்காமல் கொடுத்தாள். பதினாறை எண்ணி வைத்தாள். படம் பிடிப்பவள் மூன்று நோட்டுகளை எடுத்து மேசையைச் சுற்றி வந்து, தோளில் பிள்ளையைச் சாய்த்திருந்த தாயிடம் நீட்டினாள். இரக்கத்தால் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"அதை இங்க குடு" என்றாள் அத்தை.

தாய் நோட்டுகளைப் பிடித்தபடியே கேட்டாள். "தனிப் படம் ஒண்ணு எவ்வளவு?"

"அளவைப் பொறுத்து."

"இருக்கிறதுலயே பெருசு?"

"கதவளவு இருக்கு. யாரும் கேக்கறதில்ல. ஏழாயிரம்."

"அதுல என்னையும் பிள்ளையையும் போடுங்க. இவங்க வீட்டு ஹால்ல கொண்டுவந்து இறக்கணும்."

"என்னடி பேசுற?" என்றாள் அத்தை. "எங்க மாட்டுவ அதை?"

"மாட்ட வேண்டாம் அண்ணி. சாத்தி வைங்க. ஒளிச்சு வைக்க உங்க வீட்டுல அவ்வளவு பெரிய அலமாரி இல்ல, எனக்குத் தெரியும்."

தகப்பன் இருமினான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மிச்சம் மாசச் சம்பளத்துல அனுப்புறேன்" என்று தாய் படம் பிடிப்பவளிடம் சொல்லிவிட்டு, மூன்று நோட்டுகளையும் மேசைமேல் வைத்தாள். ஸ்டூடியோ திறந்த நாள் முதல் படம் பிடிப்பவள் யாருக்கும் கடன் கொடுத்ததில்லை. சொந்த மாமனுக்கே கொடுத்ததில்லை, அவர் இன்னும் அவளோடு பேசுவதில்லை. நாடு விட்டு நாடு போகிறவள், திரும்பி வருவாளோ, அனுப்புவாளோ, யார் கண்டது? கேமராவை எடுத்தாள்.

உள்ளறையில் வெக்கை அடங்கவில்லை. தாய் நடுவில் நின்றாள். தலை வாரவில்லை, ரவிக்கை ஈரத்தை மறைக்கவில்லை. பிள்ளையின் பின்தலைக்கு ஒரு கை, முதுகுக்கு ஒரு கை. பத்து விரல்களும் விரித்துத் தெரிய வைத்துக்கொண்டாள். பார்வை லென்சில் இல்லை. அதற்குச் சற்று மேலே, வாசலில் நின்ற அத்தையின் மேல் இருந்தது. படம் பிடிப்பவள் வழக்கமாகச் சொல்கிற எதையும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

அவர்கள் போனபிறகு ரசீதுப் புத்தகத்தில் இரண்டு தாள் எழுதினாள். முதல் தாள்: படம் பத்து, கை அழித்து. விலை பதினாறாயிரம். வரவு பதினாறாயிரம். இரண்டாவது தாள்: கதவளவுப் படம் ஒன்று, கை அழிக்காமல். விலை ஏழாயிரம். வரவு ஆயிரத்து ஐந்நூறு. பாக்கி ஐயாயிரத்து ஐந்நூறு.