எடைக்கு எடை மண்டைவெல்லம்

சொக்கம்மாளின் வாய்க்குத் தென்காசி ரத வீதி நான்கிலும் மரியாதை உண்டு. கல்யாண வீட்டில் அவள் உட்கார்ந்த பந்தி மட்டும் தாமதமாகத்தான் எழுந்திருக்கும். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் பட்டப்பெயர் வைப்பாள். வைத்த பெயர் அந்த ஆளோடு சுடுகாடு வரைக்கும் போகும். பேச்சுக்கு அடுத்தபடி அவளுக்குப் பெருமை சமையலில். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் சோறு தின்னாத பெண் ஒருத்தி இருந்தது ஊருக்கு வேடிக்கையாகப் போய்விட்டது.

மகள் முத்துவடிவுக்குப் பதினேழு வயது. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, நாளைக்கு அரை இட்லியும் நாலு மடக்கு மோருமாக வந்து நின்றாள். தோள் எலும்பு ரவிக்கையைத் துருத்திக்கொண்டு நின்றது. சீப்பை வைத்தால் கொத்தாக முடி வந்தது. மூன்று மாதமாக அவள் வீட்டுக்குத் தூரமாகவில்லை என்பது சொக்கம்மாளுக்கு மட்டும் தெரியும். வெளியே சொன்னால் ஊர் வேறு மாதிரி நினைக்கும் என்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. இஞ்சி லேகியம் கொடுத்தார்கள். பேதிக்குக் கொடுத்தார்கள், ஒன்றுமே போகாத வயிற்றிலிருந்து என்ன வரும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. சிவகிரியிலிருந்து வந்த கோடாங்கி, கிணற்றடியில் பிடித்த ஒருத்தி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள் என்று உடுக்கடித்துச் சொல்லிவிட்டு, அவளுக்கென்று படைத்த சர்க்கரைப் பொங்கலைத் தானே வழித்துத் தின்றுவிட்டுப் போனான். அப்பா தில்லைநாயகம் பிள்ளை, "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போகும்" என்றார். ஜலதோஷம் பிடித்தாலும் அவர் சொல்லும் வைத்தியம் அதுதான்.

கடைசியில் சொக்கம்மாள் முருகனிடமே நேராகப் போனாள். குற்றாலம் போகிற வழியில் அவர்கள் குடும்பம் வழக்கமாகப் போகிற கோயில். மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவள் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்: "முருகா, எம் பிள்ளை பழையபடி சாப்பிட ஆரம்பிச்சா மறுபடியும் துலாபாரம் போடுதேன். எடைக்கு எடை மண்டைவெல்லம்."

மறுநாளிலிருந்து வடிவு அந்த அரை இட்லியையும் விட்டுவிட்டாள்.

ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் எல்லாரும் குற்றாலத்துக்குப் போனார்கள். இது கடைசி வைத்தியம். அருவியில் நின்றுவிட்டு வந்து பசிக்கவில்லை என்று சொன்ன மனுஷர் அதுவரை கிடையாது. தில்லைநாயகம் பிள்ளை தலை துவட்டுவதற்குள் பன்னிரண்டு இட்லியை முடித்தார். அவருடைய அக்கா பேராச்சி, பித்த உடம்புக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே ஆறு வடை தின்றாள். வடிவு இரண்டு வடையைக் கையில் வாங்கிக்கொண்டு பாறைப் பக்கமாக நழுவினாள். சொக்கம்மாள் பின்னாலேயே போனாள்.

வடிவு கண்ணை மூடி வடையை மூக்கருகில் வைத்து மோந்துகொண்டிருந்தாள். தொண்டை எச்சிலை விழுங்கி விழுங்கி ஏறி இறங்கியது. அப்புறம் கண்ணைத் திறந்து, பக்கத்தில் காத்திருந்த குரங்கிடம் இரண்டையும் நீட்டிவிட்டாள்.

"ஏட்டி, ஒனக்குப் பசிக்கவே இல்லையா?"

"பசிக்காம என்னம்மா. ராப்பகலா பசிக்கு. சொப்பனத்துல கூட சோறுதான் வருது."

"பொறவு திங்க வேண்டியதுதானட்டி?"

"தின்னா நீ மறுபடியும் தராசுல தூக்கி வச்சிருவியே."

சொக்கம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. வடிவு விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைப் பாறையில் தேய்த்துக்கொண்டே சொன்னாள். போன வருஷம் அவளுக்கு டைபாய்டு வந்து பிழைத்து உடம்பு தேறியதற்கு இதே முருகனுக்குத் துலாபாரம் போட்டார்கள். சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் வெல்லம் பத்தவில்லை. இன்னும் வாங்கிவர ஆள் ஓடியது. தட்டில் சம்மணம் போட்டபடி அவள் காத்திருந்தபோது, "வெல்லம் பத்தாது, கடைக்காரனையும் சேத்துத் தூக்கி வைங்க" என்றாள் சொக்கம்மாள். கோயிலே சிரித்தது. சொன்னவள் வீட்டுக்குத் திரும்புவதற்குள் அதை மறந்துபோனாள். அன்றைக்கு அவள் சொன்ன பத்துப் பதினைந்தில் அதுவும் ஒன்று.

"எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், கடைக்காரன் வரலையான்னு கேக்காங்கம்மா" என்றாள் வடிவு.

இப்போது சொக்கம்மாளுக்கு விளங்கிவிட்டது. பேயும் இல்லை, பித்தமும் இல்லை. பெற்றவள் வாய்தான் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. அவள் அங்கேயே ஈரப் பாறையில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாளே தென்காசியில் புதிதாகப் போர்டு மாட்டியிருந்த டாக்டர் ஹாஜரா பீவியிடம் மகளைக் கூட்டிப்போய் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இதை நான் புஸ்தகத்துல ஒரே ஒரு பக்கம் படிச்சிருக்கேன். ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள் டாக்டர். "நீங்க சொன்ன அந்த ஒரு சொல்லுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அது உள்ள கெடந்து அறுக்கு. பிடிவாதம்னு அடிக்காதீங்க, பேய்னு வெரட்டாதீங்க. மொதல்ல கஞ்சி, மூணு மணிக்கொருக்க அரை டம்ளர். ஒரேயடியா வயித்தை நெரப்பினா உசுருக்கே ஆபத்து. வாரம் ஒருக்கா இங்கன வரணும். எடை எவ்வளவுன்னு அவட்டயும் சொல்ல மாட்டேன், ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சரிம்மா."

"அவ சாப்பிடும்போது நீங்களும் கூட உக்காந்து சாப்பிடணும். சோத்தைப் பத்தியோ ஒடம்பைப் பத்தியோ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"ஒரு வார்த்தை கூடவா?"

"ஒண்ணு கூட."

எல்லா வைத்தியத்திலும் நோயாளிக்குத்தான் பத்தியம். இதில் அது சொக்கம்மாளுக்கு விழுந்தது. இருபது வருஷமாக எல்லாரும் தின்று முடித்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொண்டவள், மகளுக்கு எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். ஆடி முழுக்க அவள் விழுங்கிய சொற்களை எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டுக் காணாது.

கஞ்சி அரை டம்ளரிலிருந்து முக்கால் ஆனது. அதற்கு மேல் வடிவு அசையவில்லை. "முருகனுக்கு நேந்த நேர்ச்சை இன்னும் நிக்குல்லா" என்றாள் ஒருநாள்.

சொக்கம்மாள் கோயிலுக்குப் போய் நேர்ச்சையைத் திருப்பிக் கேட்டாள். சாமிக்குச் சொன்னது சொன்னதுதான் என்றார் குருக்கள். அவள் சந்நிதிப் பக்கம் திரும்பி முருகனையே பார்த்துச் சொன்னாள்:

"நேந்தது நான். ஒடம்பும் என்னுதாவே இருக்கட்டும். ஒமக்கு வெல்லம்தானே வேணும், யாரு ஒக்காந்தா என்ன?" முருகன் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் சொக்கம்மாள் தராசுத் தட்டில் ஏறினாள். எதிர்த்தட்டில் வெல்லத்தை அடுக்கினார்கள். கொண்டுவந்த மூட்டை தீர்ந்தது, அவள் இருந்த தட்டு தரையைவிட்டு எழும்பவில்லை. கடைக்கு ஆள் ஓடியது. பேராச்சிக்கு அந்த நிமிஷத்துக்காகவே இத்தனை வருஷம் காத்திருந்த மாதிரி முகம் மலர்ந்தது.

"வெல்லம் பத்தாது, கடைக்காரனையும் சேத்துத் தூக்கி வைங்க."

கோயிலே சிரித்தது. தன்னுடைய சரக்குத்தானே என்று சொக்கம்மாளும் கூடச் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. இறங்கவும் முடியாது, காலை நீட்டவும் முடியாது, முகத்தை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. எல்லார் கண்ணும் அவள் இடுப்பில் இருந்தது. அவளுக்கு நாற்பது வயது, பதிலுக்குப் பேச நாக்கு இருக்கிறது, அதற்கே கூசியது. பதினாறு வயதுப் பிள்ளையை இதில் உட்காரவைத்தோமே என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது.

வடிவு ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கடையிலிருந்து வந்த மூட்டையைத் தானே பிரித்து, ஒல்லிக் கையால் ஒவ்வொரு வெல்லமாக எடுத்து வைத்தாள். அம்மா இருந்த தட்டு மெல்ல அசைந்து மேலே வந்தது.

"போதும், எறங்கும்மா" என்று கையை நீட்டினாள்.

அன்று மத்தியானம் கோயில் மண்டபத்தில் இலை போட்டார்கள். சொக்கம்மாள் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவன் வந்தபோது வடிவு கையைக் குறுக்கே நீட்டவில்லை. அவன் ஒரு கரண்டி பருப்புச் சோறு வைத்தான். அவள் பிசைந்து ஒரு வாய் எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

சொக்கம்மாளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லாத் தின்னு தாயி என்று சொல்லலாம். கடைக்காரன் தப்பிச்சான் என்று சொன்னால் மண்டபமே உருளும். வாழ்நாளில் அவளுக்குத் தோன்றியதிலேயே அதுதான் ஆகச் சிறந்தது. அவள் தன் இலையைப் பார்த்துக் குனிந்து, ஒரு பெரிய கவளமாக உருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

பக்கத்து இலையில் வடிவு மூன்றாவது வாய் எடுத்துக்கொண்டிருந்தாள்.